ஓரியின் அம்பும் .405 தோட்டாவும்

எங்கள் அப்பாருவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. அது மாட்டியிருந்த இரண்டு மர முளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். ராசிபுரத்துக்கு வடக்கே, போதமலை அடிவாரத்துக் காட்டுவீட்டில், கதவுக்கு மேலே சுவரில் அடித்த முளைகள். என் சின்ன வயதில் ஆயா அவற்றில் பூண்டுக் கொத்தைத் தொங்கவிட்டிருந்தாள். "அதுலதான்டா உங்க அப்பாரு துப்பாக்கி இருந்துச்சு" என்பாள். எங்கே போச்சு என்று கேட்டால், "எலெக்சனுக்குக் குடுத்தாரு, திரும்ப வாங்கல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்பாருவிடம் கேட்டபோது அவர் சொன்னது இரண்டே வார்த்தை. "மருந்து பத்தல, கண்ணு."

பெங்களூரில் மென்பொருள் வேலைக்கு வந்த பிறகு, சனிக்கிழமைகளில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அங்கே கையில் சிக்கியது கென்னத் ஆண்டர்சனின் புத்தகம். 1954-இல் வந்த அவருடைய முதல் நூல், ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு கொம்பன் யானையையும் பற்றியது. திறந்தால் ஜவளகிரி, பென்னாகரம், அஞ்செட்டி என்று நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்கள். அவர் எழுதுகிற காலத்தில் அதெல்லாமே சேலம் ஜில்லா. 1965-இல் தர்மபுரி பிரிந்தது, 1997-இல் எங்கள் நாமக்கல் பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி. ஆக ஆண்டர்சன் சுற்றிய காடும் எங்கள் அப்பாருவின் குச்சிக்கிழங்குக் காடும் ஒரே கலெக்டருக்குக் கீழேதான் இருந்தன.

ஆண்டர்சன் கையில் எப்போதும் ஒரே துப்பாக்கிதான். .405 வின்செஸ்டர், 1895 மாடல். ஏன் அது? உலகத்தில் எத்தனையோ தோட்டா இருக்க, சேலம் ஜில்லாப் புலிக்கு இந்தத் தோட்டா போதும் என்று ஒருவர் எப்படி முடிவு செய்கிறார்? அந்தக் கேள்விக்குப் பின்னால் எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அப்பாருவுக்கு உண்மையிலேயே மருந்துதான் பத்தவில்லையா?

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தக் கணக்கு ஓரியிடமிருந்துதான் தொடங்கும். கொல்லிமலை செம்மேட்டில் வில்லோடு சிலையாக நிற்கிற அதே வல்வில் ஓரி. ராசிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனே அவன்தான் என்று ஊரில் நம்புகிறவர்கள் உண்டு. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவனுடைய வேட்டையைப் பாடுகிறார். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானைச் சாய்த்து, பன்றியை உருட்டி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். உயர்வு நவிற்சி அணி, இரண்டு மார்க்.

வேட்டைத் தோட்டா பற்றிப் படித்தபோது அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. பெரிய விலங்கை வீழ்த்த வேண்டுமானால் குண்டு உள்ளே ஆழமாகப் போக வேண்டும். ஆழமாகப் போக வேகம் மட்டும் போதாது. குண்டு தன் பருமனுக்கு எவ்வளவு கனமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அதன் விட்டத்தின் வர்க்கத்தால் அங்குலக் கணக்கில் வகுத்தால் ஓர் எண் வரும். குறுக்குவெட்டு அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். எண் கூடக்கூட, அதே வேகத்தில் போகிற குண்டு இன்னும் ஆழமாகத் துளைக்கும். ஊசியும் உருண்டையும் போலத்தான்.

ஆண்டர்சனின் .405 குண்டுக்கு இது ஏறக்குறைய 0.25. யானை வேட்டைக்கென்றே பேர்போன .470 நைட்ரோ எக்ஸ்பிரஸின் 500 கிரெய்ன் குண்டுக்கு 0.32. இப்போது 8 மில்லிமீட்டர் தடிமனும் 60 கிராம் எடையும் உள்ள ஓர் அம்பை அதே சூத்திரத்தில் போட்டால் 1.3 வருகிறது. யானைத் தோட்டாவைப்போல நான்கு மடங்கு! அம்பின் ஆற்றல் அந்தத் தோட்டாவின் ஆற்றலில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் தேறும். இருந்தும் நீளமும் கனமும் கூரும் சேர்ந்தால் சதைக்குள் அது போகிற தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம். ஐந்து விலங்கைத் துளைக்காது, சரி. ஆனால் வன்பரணர் எதை வியந்தார் என்பது புரிகிறது. அவர் வியந்தது ஊடுருவலை.

ஆற்றலா, ஊடுருவலா? நூற்றைம்பது வருட வேட்டைத் துப்பாக்கி வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான்.

கரிமருந்துக் காலத்தில் வேகத்தைக் கூட்ட வழியில்லை. அதனால் குண்டைப் பெரிதாக்கினார்கள். மைசூர்ச் சமஸ்தானத்தில் யானை பிடித்த ஜி.பி. சாண்டர்சன் 1878-இல் எழுதிய புத்தகத்தில் 8 போர், 4 போர் துப்பாக்கிகள் வருகின்றன. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை செய்யலாம் என்பதுதான் 'போர்' கணக்கு. 4 போர் என்றால் ஓர் உருண்டை கால் பவுண்டு, அதாவது 113 கிராம். சுட்டவனின் தோள்பட்டைக்கும் யானையின் மண்டைக்கும் அடி ஏறக்குறைய பாதிப்பாதி என்று சொல்லலாம்.

பிறகு கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. 1898-இல் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தது. 480 கிரெய்ன், அதாவது 31 கிராம் குண்டு, விநாடிக்கு 655 மீட்டர் வேகம். கைத்தடிபோல் கனத்த பழைய பீரங்கிகள் செய்ததை ஐந்து கிலோத் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தது. ஆனால் கார்டைட்டுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும். இங்கிலாந்தில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா, சித்திரை மாதத்துச் சேலத்து வெயிலில் கூட்டுக்குள் இறுகிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும். எதிரே அடிபட்ட புலி நிற்கும்போது இது நடந்தால் கதை முடிந்தது. அதனால்தான் அந்தக் காலத்து யானைத் தோட்டாக்களின் பித்தளைக் கூடு அவ்வளவு நீளம். மருந்துக்கு விசாலமாக இடம் விட்டு, அழுத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். நம் வெயில் அந்தத் தோட்டாக்களின் வடிவத்திலேயே எழுதியிருக்கிறது.

நம் அரசியலும் எழுதியிருக்கிறது. 1907-இல் பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் துப்பாக்கியும் தோட்டாவும் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது. காரணம் யானையில்லை. பழைய ராணுவத் துப்பாக்கியான மார்ட்டினி ஹென்றியின் குண்டும் அதே .450 அளவு. வேட்டைக்காரன் பெயரில் வந்த குண்டு கலகக்காரன் கைக்குப் போய்விடும் என்ற பயம். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் தடைக்குத் தப்புகிற அளவுகளைத் தேட ஆரம்பித்தன. .465, .470, .475, .476 என்று ஒரு வரிசையே கிளம்பியது. இன்று ஆப்பிரிக்காவில் .470-ஐப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு, அந்த எண்ணுக்குப் பின்னால் இந்தியக் கலகக்காரனின் நிழல் இருப்பது தெரியுமோ என்னவோ.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே தர்க்கம் தொடர்ந்தது. ராணுவத்தின் .303 தனியாருக்குக் கிடையாது. அதனால்தான் நம் அரசுத் தொழிற்சாலை .315 என்ற வேறோர் அளவில் வேட்டைத் துப்பாக்கி செய்து விற்றது. இந்தியாவில் தோட்டாவை முதலில் தேர்ந்தெடுப்பது அரசாங்கம், அப்புறம்தான் வேட்டைக்காரன்.

சரி, ஆண்டர்சனிடம் வருவோம். .405 வின்செஸ்டர் 1904-இல் வந்த அமெரிக்கத் தோட்டா. 300 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 670 மீட்டர். லண்டன் இரட்டைக்குழலின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. கைப்பிடிக்கு அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தயார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கு இதைத்தான் நம்பினார். புலிக்கும் சிறுத்தைக்கும் இது மிகப் பொருத்தம். பூனை இனத்தின் உடம்பு மெல்லியது. நெஞ்சுக்கூட்டின் அகலமே ஒரு முழத்துக்குள்தான். அங்கே ஆழமான ஊடுருவலுக்கு வேலையில்லை. உள்ளே போனதும் குண்டு விரிந்து, அகலமான காயத்தை உண்டாக்க வேண்டும். அதற்கு முனையில் ஈயம் வெளியே தெரிகிற மென்முனைக் குண்டு. கல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்தார்களே, அந்த வகை. 1899 ஹேக் மாநாட்டில் போரில் மனிதன்மேல் அதைச் சுடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வேட்டையிலோ அதைச் சுடுவதுதான் கருணை, விலங்கு சீக்கிரம் சாகும். மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியது விலங்குக்கு இரக்கம் என்று ஆனது. இதைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

யானைக்கும் காட்டெருமைக்கும் கதை தலைகீழ். யானையின் மூளை ஏறக்குறைய ஐந்து கிலோ. அதைச் சுற்றித் தேன்கூடுபோல எலும்பு. மென்முனைக் குண்டு அந்தக் கூட்டிலேயே விரிந்து நின்றுவிடும். எஃகு உறை போட்ட, விரியாத திடக்குண்டுதான் வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைக்குமேல் சுட்டார். அதில் பெரும்பகுதி .275 ரிக்பி என்ற சுண்டைக்காய்த் தோட்டாவால். 11 கிராம் குண்டு, அவ்வளவுதான். ஆனால் அது பென்சில்போல நீளமானது. குறுக்குவெட்டு அடர்த்தி 0.31, ஏறக்குறைய .470-க்குச் சமம், ஆண்டர்சனின் .405-ஐவிட அதிகம். பெல் செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து, எந்தக் கோணத்தில் மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவைத்திருந்தார். ஓரியின் அம்பு திரும்ப வந்ததுபோலத் தோன்றியது எனக்கு.

அப்படியானால் சின்னத் தோட்டா போதுமா? பெல்லுக்குப் போதும். அவரைப் பார்த்துச் சின்னத் துப்பாக்கியோடு போனவர்களில் பலர் யானைக் காலடியில் முடிந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குக்கு .375 தான் குறைந்தபட்ச அளவு என்று சட்டமே இருப்பது இதனால்தான். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் தோட்டா 300 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 760 மீட்டரில் அனுப்பும். ஆற்றல், ஊடுருவல், தோள் தாங்குகிற உதை மூன்றும் ஓரளவு சமரசமாகிற இடம் அது. உதை அதிகமானால் விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும். கண் மூடிச் சுட்ட .577-ஐவிடக் கண் திறந்து சுட்ட .375 மேல். பெரிய தோட்டா என்பது பிழைக்கு விடுகிற இடம். குறி நாலு விரற்கடை தவறினாலும் விலங்கு நின்றுபோகும் என்ற உத்தரவாதம். எங்கள் வேலையில் சர்வருக்குத் தேவைக்குமேல் திறன் ஒதுக்கி வைப்பதுபோல.

அந்த உத்தரவாதம் யாருக்கு என்பதில்தான் எனக்குச் சிக்கல். குறி தவறினால் துரைக்கு ஒரு தோல் போச்சு. அடிபட்ட விலங்குக்கு முன்னால் ரத்தத் தடம் பார்த்துப் போகிறவன் பூசாரி பைராவும் பென்னாகரத்து ரங்காவும். ஆண்டர்சன் கதைகளில் இவர்கள் இல்லாமல் காடே இல்லை. அவர்கள் கையில் .405 இருந்ததில்லை. இருந்தது நாட்டுத் துப்பாக்கி. ஆண்டர்சனும் கார்பெட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆட்கொல்லிகளில் பல முன்பு எவரோ சுட்டுக் காயப்படுத்திவிட்டுப் போனவை. 1907-இல் கார்பெட் கொன்ற சம்பாவத் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்திருந்தன. அதன் கணக்கில் சொல்லப்படும் உயிர்கள் 436. எவனோ ஒருவன் சுட்டான், புலி போய்விட்டது, அவனும் வீட்டுக்குப் போய்விட்டான்.

இங்கேதான் அப்பாருவின் முளைகளுக்கு வருகிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா முதல்முறையாக முழுக்கதையைச் சொன்னார். எழுபதுகளின் கடைசி. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய மருந்து கெட்டித் துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டத்திலேயே பயிர் காப்பவனுக்கு அதற்கு இடமுண்டு. கடலைக்காட்டில் பன்னி இறங்குகிறது என்று அப்பாரு பரணில் காத்திருந்தார். பொழுது மங்கி, ஓர் உருவம் அசைந்தது. கரிமருந்தும், குண்டுக்குப் பதில் ஒரு பிடி பால்ரஸும் போட்டுக் கெட்டித்திருந்தார். சுட்டார். கத்தியது பன்னியில்லை. கரடி.

"உங்க அப்பாரு எறங்கிப் போயி பாக்கல. பாக்கவும் முடியாது, ஒத்தை வெடி, மறுபடி கெட்டிக்க நேரமில்ல. கெளம்பி வூட்டுக்கு வந்துட்டாரு. யாருகிட்டயும் சொல்லல." அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. "மறாநாளு வெறகுக்குப் போன மாமன ஓடைக்கிட்ட அது புடிச்சுப்போட்டுது. உசுரு பொழச்சுது. ஒரு கண்ணும் பாதி மூஞ்சியும் போச்சு."

அந்த மாமனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் முதல் பந்தியில் உட்கார்ந்தவர். ஒவ்வொரு அறுப்புக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை போகும். ஏதோ பழைய பங்கு பாத்தியதை என்று நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி போனில் கணக்குப் போட்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? 8 மில்லிமீட்டர் எஃகு பால்ரஸ், எடை 2 கிராம். குறுக்குவெட்டு அடர்த்தி 0.05. ஆண்டர்சனின் குண்டில் ஐந்தில் ஒன்று. அதுவும் உருண்டை, வேகமும் பாதிக்குக் கீழே. கரடியின் அடர்ந்த மயிரையும் கொழுப்பையும் தாண்டி நெஞ்சுக்குள் ஆழமாகப் போக வாய்ப்பு குறைவு. ஒரே ஒரு ஈய உருண்டை, .60 அங்குலத்தில் போட்டிருந்தால் 0.13 வந்திருக்கும். அதுவாவது உதவியிருக்கலாம். ஆக, அப்பாரு சொன்னது கணக்குப்படி சரி. மருந்தும் பத்தவில்லை, குண்டும் பத்தவில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ஆண்டர்சன், கார்பெட் எல்லோரும் தோட்டாவைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்கிறார்கள். அடித்த விலங்கை விட்டுவிட்டு வரக் கூடாது. இருட்டிவிட்டால் விடியும்வரை காத்திருந்து, விடிந்ததும் போ. நீயே போ. போவதற்கு முன் அக்கம்பக்கத்துக்குச் சொல். அப்பாருவிடம் இல்லாத .405-க்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதை வாங்கக் காசும் இல்லை, அனுமதியும் கிடைத்திருக்காது. ஆனால் ஊருக்குள் ஒரு குரல் கொடுக்கக் காசு வேண்டியதில்லை. 1972 சட்டத்துக்குப் பிறகு கரடியைச் சுட்டது வெளியே தெரிந்தால் கேஸ். அந்தப் பயத்தில் வாய் மூடிக்கொண்டார். விலை கொடுத்தது மாமன்.

அவருக்கு இது தெரியாமலில்லை. அடுத்து வந்த தேர்தலில் வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார். தேர்தல் முடிந்து ஆள் விட்டபோது போகவில்லை. அப்பா கேட்டதற்கு, "அது அங்கயே கெடக்கட்டும்" என்றாராம்.

ராசிபுரத்தை இனிஷியலில் வைத்திருந்த ஆர்.கே. நாராயண் 1961-இல் எழுதிய மால்குடி நாவலொன்றில் வாசு என்ற வேட்டைக்காரன் வருவான். கோயில் யானையைச் சுடத் துப்பாக்கியோடு காத்திருப்பவன், நெற்றியில் உட்கார்ந்த கொசுவை அடிக்கப்போய்த் தன் அடியிலேயே செத்துப்போவான். பஸ்மாசுரன் கதை. எங்கள் ஊரோடு சேர்த்துப் பேசப்படும் இரண்டு பேர், ஓரியும் நாராயணும், வேட்டை பற்றி இரண்டு முனையில் நிற்கிறார்கள். ஒருவன் அம்பு குறியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னொருவர் கதையில் அடி திரும்பி வருகிறது.

இன்றைய வேட்டைக் கையேடுகள் ஓரியின் சாதனையை ஒரு தவறாகத்தான் எழுதும். கூட்டமாக நிற்கிற காட்டெருமையைத் திடக்குண்டால் சுடாதே, ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்பதைக் காயப்படுத்தும், அந்தக் காயத்தை நீ அறியவே மாட்டாய் என்று எச்சரிக்கும். வன்பரணர் உடும்போடு நிறுத்திக்கொண்டார். புற்றுக்குப் பின்னால் ஒரு விறகுக்காரன் இருந்திருந்தால் பாட்டு வேறாகியிருக்கும்.

பன்னி இன்றும் இறங்குகிறது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று அனுமதித்தது. விவசாயியின் பக்கத்தை நான் அறிவேன். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலை போன காலையை அப்பாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று இனி அதிகாரிகள் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் உண்டு. அடிபட்டு ஓடினால், பின்னால் யார் போவது?

பொங்கல் முடிந்து கிளம்பும்போது அந்தச் சுவரை மறுபடி பார்த்தேன். ஆயா போய் ஆறு வருடமாகிறது, பூண்டுக் கொத்து இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது முளைகளைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டார்களாம். அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டார்.